பூச்சட்டித் துண்டில் ஒரு பெயர்

போன சனிக்கிழமை காலை நான் ஒரு பொய் சொன்னேன். ஒன்றல்ல, நாலு. ஒரு வகுப்பு நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க... ஏதென்ஸ் நகரத்தின் பெயரால்!

ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. பண்டைய நாகரிகங்கள் – ஏதென்ஸ், ரோம், இந்தியா, சீனா – அவர்களுடைய அரசு, மதம், தத்துவம் எல்லாம் படிக்கலாம். எனக்கு அறிவுப் பசி என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் வாங்கிய பட்டத்தை இங்கே ஒருவரும் சட்டை செய்வதில்லை. கனடாவிலும் படித்தேன் என்று காட்ட ஒரு பாடம் தேறிய கிரெடிட்டாவது வேண்டும். அவ்வளவுதான்.

வகுப்பில் இருபத்திமூன்று பேர். வெள்ளையர் அல்லாதவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். மற்றவர் ரஹீமா என்கிற அம்மா. ஐம்பது வயதிருக்கும். உகண்டாவில் கணவரோடு தையல் கடை வைத்திருந்தவர். ஆசியர்கள் எல்லோரும் தொண்ணூறு நாளில் வெளியேற வேண்டும் என்று அங்கே ஆணை போட்டார்களே, அப்போது ஒரு சூட்கேஸுடன் கிளம்பி வந்தவர். இப்போது ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. நர்ஸுக்கு உதவியாளராகப் பயிற்சி எடுக்க இந்தக் கிரெடிட் அவருக்குக் கட்டாயம் வேண்டும். எப்போதும் முன் வரிசை. எப்போதும் சீவிய பென்சில்.

ஆசிரியர் மிஸ்டர் கோல்மன் நல்ல மனிதர். உற்சாகம்தான் கொஞ்சம் அதிகம். அன்று ஒரு பை நிறைய உடைந்த பூச்சட்டித் துண்டுகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். ஏதென்ஸில் வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி நடக்குமாம். இந்த ஆள் நம் ஊரில் இருக்கக்கூடாது என்று தோன்றினால், அவருடைய பெயரை ஓட்டுத் துண்டில் கீறிப் போடலாம். அதிகம் பேர் யாருடைய பெயரை எழுதினார்களோ, அவர் பத்து வருஷம் ஊருக்கு வெளியே. குற்றச்சாட்டு இல்லை. விசாரணை இல்லை. எழுதியது யார் என்றும் தெரியாது.

நம்மவர்கள் குடத்துக்குள் ஓலையைப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். கிரேக்கர்கள் குடத்தை உடைத்து ஆளை அனுப்பினார்கள்!

"யாரை வேண்டுமானாலும் எழுதுங்கள். அரசியல்வாதி, ஹாக்கி ஆட்டக்காரர், வாடகை வாங்கும் வீட்டுக்காரர்..." என்றார் கோல்மன். ஒரே சிரிப்பு. நான் 'ஜனவரி மாதம்' என்று எழுதிப் போட்டேன். எண்ணுவதற்கு என்னைக் கூப்பிட்டார். எனக்கு நம்பக்கூடிய முகமாம்.

கூடை மேசைமேல் இருந்தது. நான் ஒவ்வொரு துண்டாக எடுத்து வாசிக்க, கோல்மன் கரும்பலகையில் கோடு போட்டார். பிரதமர். வீட்டுக்காரர். வீட்டுக்காரர். மாமியார். அடுத்த துண்டைத் திருப்பினேன்.

ரஹீமா.

எதிரே, ஆறடி தூரத்தில், அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

"வீட்டுக்காரர்" என்று வாசித்தேன். துண்டு என் கோட்டுப் பைக்குள் போனது.

பிறகு இன்னொன்று. அதில் பெயரில் எழுத்துப்பிழை. மூன்றாவதை எழுதியவருக்குப் பெயரே தெரியவில்லை. 'உகண்டா பொம்பிளை' என்று இருந்தது. கடைசியாக நாலாவது. எல்லாமே 'வீட்டுக்காரர்' ஆகிப் பைக்குள் போயின. நாலும் வேறு வேறு கையெழுத்து. ஒரு ஆளுடைய சேட்டை என்று தள்ளிவிட முடியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். முதல் துண்டைக் கண்ட நேரத்திலிருந்து நான் தேடியது அவருடைய பெயரை அல்ல. என்னுடையதை. கூடை காலியானபோது 'அப்பாடா, நான் இல்லை' என்று நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வீட்டுக்காரர் பெரும்பான்மை ஓட்டில் நாடு கடத்தப்பட்டார். வகுப்பே கை தட்டியது. எழுதியவர்களும் தட்டியிருப்பார்கள்.

இடைவேளையில் கோப்பி மெஷின் பக்கத்தில் ரஹீமா வந்தார். "என் ஓட்டை நீங்கள் வாசிக்கவில்லையே?" என்று கேட்டார்.

"என்ன எழுதினீர்கள்?"

"என் பெயரை."

எனக்குக் கோப்பி கையில் ஊற்றுப்பட்டது.

"எப்படியும் யாராவது எழுதுவார்கள். ஒன்றாவது எனக்குத் தெரிந்த கையெழுத்தாக இருக்கட்டும் என்று எழுதினேன்" என்றார், சாதாரணமாக. "எத்தனை வந்தது?"

"உங்களுடையது மட்டும்தான்" என்றேன். எடுத்துக் கொடுக்கலாம் என்று பைக்குள் கையை விட்டேன். துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன.

அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டி, நான் வெளியே எடுத்த நாலில் தன்னுடையதை மட்டும் வாங்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பிப் போனார். அதே முன் வரிசை.

மற்ற மூன்றை எழுதியது யார்? அப்போது பிடித்ததுதான் எனக்குப் பயம்.

ஒஷாவாவில் கார் தொழிற்சாலையில் வேலை செய்யும் பில் என்னோடு படிக்கிறார். போகிற வழியில் என்னை வீட்டில் இறக்கிவிடுவது அவர்தான். அன்றும் ஏறினேன். மூன்று துண்டுகளும் பையில். பள்ளம் மேடு வரும்போதெல்லாம் சத்தம் கேட்காமல் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

"நல்ல பகிடி, இல்லையா?" என்றார் பில். "நான் என் ஃபோர்மனை எழுதினேன்."

ஃபோர்மன்? கூடையில் ஃபோர்மன் இருந்ததா? நான்தானே வாசித்தேன்! எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. இல்லையென்றால், என் பைக்குள் இருப்பதில் ஒன்று இவருடையதா? அந்தப் பதற்றத்தில் வாய் வாசித்தது, மனம் கேட்கவில்லை. பக்கத்தில் பில் விசில் அடித்துக்கொண்டு ஓட்டுகிறார். நான் ஸ்டியரிங்கில் இருக்கிற அவருடைய கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"உங்கட பேர் இருந்ததே?" என்று கேட்டாள்.

"இல்லை."

"அப்ப நல்லது..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். பிறகு, "பாவம் அந்த மனுசி. அந்தத் துண்டுகளை வீட்டுக்கை வைக்காதேங்கோ, எறியுங்கோ" என்றாள். எறிந்தேன். ஆனால் அந்தக் கையெழுத்துகள் போகவில்லை. வாரம் முழுக்க வேலையிடத்தில்கூட ஆட்களின் எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாடு கடத்தப்பட்டவன் பாடு ஒரு பாடு. ஊரில் மிஞ்சியவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்தார்கள்? அதைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை.

இந்தச் சனிக்கிழமை அரை மணி நேரம் முந்திப் போனேன். கூடை அலுமாரிக்கு மேலேயே இருந்தது. கீழே இறக்கி ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பிரதமர். ஜனவரி மாதம். வீட்டுக்காரர்...

"என்ன தேடுகிறீர்கள்?"

வாசலில் ரஹீமா. கோட்டில் பனி இன்னும் உருகவில்லை. என்னால் பொய் சொல்ல முடியவில்லை. பில்லைப் பற்றிச் சொன்னேன்.

"கண்டுபிடித்து?" என்று கேட்டார். "அவரைப் பத்து வருஷம் அனுப்பப் போகிறீர்களா? எனக்கு அடுத்த மாதம் பரீட்சை. இவர்கள் எல்லோருடைய பக்கத்திலும் இருந்துதான் எழுதவேண்டும். யார் என்று எனக்குத் தெரியவே வேண்டாம்."

கூடையில் நான் பார்க்காத துண்டுகள் இன்னும் பத்தாவது இருக்கும். அப்படியே எடுத்து மேலே வைத்தேன். அவர் புத்தகத்தைத் திறந்து, ரோமாபுரியில் செனட்டுக்கு என்ன அதிகாரம் என்று கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம்.

வகுப்பு முடிந்தது. வெளியே பில் ஹார்ன் அடித்தார். ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு போய் ஏறினேன்.

ஜனநாயகம் வேறொன்றுமில்லை... பக்கத்தில் இருப்பவர் என்ன எழுதினார் என்று தெரியாமலே அவருடைய காரில் ஏறுவதுதான்.