படம், படம், பொத்தான்

தங்கை கல்யாணத்துக்கு என் புடவையை நானே எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். பார்வை போனதிலிருந்து யாராவது கடைக்குக் கூட்டிப்போய், "இது உனக்கு எடுப்பா இருக்கும்" என்று முடித்துவிடுவார்கள். இந்த முறை ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் உட்கார்ந்து, தி.நகர் கடை ஒன்றின் வெப்சைட்டைப் போனில் திறந்தேன். திரையில் இருப்பதை எனக்கு வாசித்துச் சொல்லும் குரல் ஆரம்பித்தது: "படம். படம். பொத்தான். படம்."

விரலை எங்கே நகர்த்தினாலும் அதேதான். எழுந்து நடந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். பொறுக்காமல் கடைக்குப் போன் செய்தேன்.

"போட்டோவுலயே கலர் கீதும்மா, பார்த்துக்க."

"எனக்குக் கண்ணு தெரியாது."

"அப்போ வூட்ல யாரையாவது பார்க்கச் சொல்லேன்."

வைத்துவிட்டு அந்தக் கடைக்கே ஆட்டோ பிடித்தேன். சிக்னலில் நிற்பதுகூட எரிச்சலாக இருந்தது. வெப்சைட்டைக் கவனிப்பவர் முதலாளியின் மருமகள் என்று மாடிக்கு அனுப்பினார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் குரல். என் போனை அவர் கையில் கொடுத்து, "கண்ணை மூடிக்கிட்டு ஒரு புடவை வாங்குங்க" என்றேன்.

சற்று நேரம் தடவிப் பார்த்தார். "என்னக்கா இது, எல்லாத்துக்கும் இதையே சொல்லுது?"

"படத்துல என்ன இருக்குன்னு நீங்க எழுதி வைக்கலையே. அது எதைச் சொல்லும்?"

தயங்கிக் கேட்டார். "தப்பா நினைக்காதீங்க. கலர் தெரிஞ்சு என்ன செய்வீங்க?"

"காலேஜ் முடிக்கிறவரைக்கும் பார்த்தவதானே. எல்லா கலரும் ஞாபகம் இருக்கு."

உடனே எழுத உட்கார்ந்தார். முதலில், "அழகான பட்டுப்புடவை" என்று வாசித்தார்.

"அழகா, இல்லையான்னு நான் சொல்றேன். நீங்க இருக்கிறதை எழுதுங்க."

சிரித்துக்கொண்டே அழித்தார். "மாம்பழ மஞ்சள். அரக்குல சின்ன பார்டர். முந்தானை முழுக்க மயில்." எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல முடிந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்தும் நிலைகொள்ளவில்லை. புதிதாக ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று அடிக்கடி திறந்து பார்த்தேன். ஒருநாள் குரல், "மழை மேகச் சாம்பல், வெள்ளி பார்டர்" என்றது. இதுதான் என்று வாங்கப் போனேன். ஆனால் பணம் கட்டும் இடத்தில் மறுபடி, "பொத்தான். பொத்தான்." எது வாங்குவது, எது ரத்து செய்வது? அவருக்குப் போன் செய்தேன்.

"எதையும் தொட்டுராதீங்கக்கா, இதோ மாத்துதேன்!"

மாற்றினார். நானே வாங்கினேன்.

புடவை வந்ததும் அம்மா பிரித்துப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு யாராவது சாம்பல் கலர் கட்டுவாங்களாடி?"

"நான் கட்டுவேன்" என்றேன்.