கடல் கடந்து வந்த தண்ணீர்

“…அதுக்கு இல்ல தம்பி, ‘நீங்க ஊத்துற தண்ணியாலதான் செடி சாவுது’ன்னு அவருகிட்ட எந்த வாயால சொல்றது?”

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு முற்பகலில், மொட்டை மாடியில் நின்று அண்ணி என்னிடம் இப்படிக் கேட்டார். கையில் வேரோடு வந்துவிட்ட கத்தரிச் செடி. வேர் கறுத்துக் கொழகொழவென்றிருந்தது.

தண்ணீர் ஊற்றுகிறவர் என் அண்ணன். இருப்பது பிரான்சில். அண்ணியும் அங்கே போய் இருந்து பார்த்தார். குளிர் மூட்டில் இறங்கியதும் காரைக்கால் தருமபுரத்து வீட்டுக்கே திரும்பிவிட்டார். “அங்க அடிக்கிறது பொம்மை வெயிலு தம்பி, பாக்கலாம், வடகம் காய வைக்க முடியாது” என்பார்.

போன தடவை லீவில் வந்தபோது மாடித் தோட்டத்துக்கென்று அண்ணன் ஒரு கருவி கொண்டுவந்தார். தொட்டி மண்ணில் குத்திவைத்தால் ஈரம் பார்க்கும். காய்ந்திருந்தால் தானே மோட்டாரைப் போட்டு, சன்னக் குழாய்கள் வழியே தொட்டிக்குத் தொட்டி தண்ணீர் விடும். எந்த ஊரில் இருந்தாலும் செல்போனில் பார்க்கலாம், மோட்டாரையும் போடலாம். நாங்கள் இருவரும் உட்கார்ந்துதான் பொருத்தினோம். கத்தரியும் வெண்டையும் காய்த்தன, பாகல் பந்தல் ஏறியது. ஒரு குறையும் இல்லை.

அண்ணனுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. “எல்லாத்தையும் அதுவே பாத்துக்கிச்சுன்னா நான் எதுக்குடா?” என்று ஒரு நாள் போனில் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அன்றே அது தானாக ஓடுவதை நிறுத்திவிட்டு, பொத்தானைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அங்கே வேலைக்குக் கிளம்பும்போது அழுத்துவார், இங்கே அண்ணி உலை வைக்கிற நேரமாக இருக்கும். அழுத்திய கையோடு போன் வரும். தண்ணி வந்துச்சா என்று ஆரம்பித்து, இன்றைக்கு என்ன குழம்பு என்பது வரைக்கும் பேச்சு போகும். அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, சௌக்கியமா என்று கேட்டு வைத்துவிடுகிற மனுஷர் அவர்.

அவர் ஊருக்கு வருவதெல்லாம் ஆடி மாத வெயிலில். காரைக்கால் என்றாலே அவருக்குக் கால் சுடுகிற மாடிதான் ஞாபகம். இங்கே நல்ல மழை என்றால், “தூறலா இருக்கும், தொட்டிக்குள்ள எறங்காது” என்பார். ஈரம் அதிகம் என்று கருவி காட்டியதையும், அதற்குள் தண்ணீர் புகுந்து கெட்டுவிட்டது என்றே எடுத்துக்கொண்டார். மழையோடு அவர் தண்ணீரும் சேர்ந்தது. முதலில் வெண்டை போனது, பின்னால் பாகல்.

கருவியைத் தானாக ஓட விட்டிருந்தால் அத்தனையும் பிழைத்திருக்கும். இன்றும் எனக்கு அந்த வருத்தம் உண்டு. ஆனால் அண்ணி போனில் அப்படிச் சிரித்துப் பேசி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதை நினைத்தால் வருத்தத்தையும் முழுசாகப் பட முடியவில்லை.

மோட்டார் ஒயரைப் பிடுங்கிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் அண்ணி. ஓடவில்லை என்று அங்கே காட்டிவிடும், மனுஷனுக்கு வேலையே ஓடாது என்றார்.

சொல்லி வாய் மூடுவதற்குள் மோட்டார் உறுமியது. அடுத்தாற்போல் போன் அடித்தது.

“வந்துச்சுங்க, நல்லா வந்துச்சு” என்றார் அண்ணி.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மீன் குழம்பைப் பற்றிப் பேசியபடியே குனிந்தார். தொட்டி தொட்டியாகக் குழாய்களை உருவி, மாடித் தரையில் மழைத் தண்ணீர் இறங்குகிற ஓட்டையின் பக்கம் திருப்பிவிட்டார்.