கரீம் பாய் வீட்டுத் தூண்

செல்வி, குமார்... நம் கூடத்துத் தூணை உங்கள் கொள்ளுத்தாத்தா கல்வராயன் மலையிலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவரவில்லை. நான் சொன்னது பொய்.

அது கரீம் பாய் வீட்டுத் தூண்!

கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்தாரே, உங்களுக்குக் கை நிறையப் பொட்டுக்கடலை தருவாரே, அவர்தான். அவருடைய அத்தா இறந்தபின் பங்காளிகள் பழைய வீட்டைப் பிரித்து, மரங்களைச் சங்கராபுரத்தில் ஒரு பழைய மரக்கடையில் போட்டுவிட்டார்கள். நான் அங்கேதான் தூணை வாங்கினேன். யார் வீட்டு மரம் என்று அப்போது தெரியாது. நம்புவீர்களா...? நம்பாவிட்டாலும் உங்கள்மேல் குறையில்லை.

தூணில் கீழிருந்து மேலாகச் சில வெட்டுக்கோடுகள் இருந்தன. அவற்றின் மேலேயே பச்சைப் பெயிண்ட் அடித்தேன். கூரை ஏறி, ஓடு போட்டு, குடிவந்த பிறகு ஒருநாள் பருப்பு மடித்துக்கொண்டே பாய் சொன்னார்.

"பெருநாளைக்குப் பெருநாள் எங்க அத்தா என்னியும் தம்பியையும் தூணுல நிக்கவச்சி, தலைமட்டத்துக்குக் கோடு போடுவாருண்ணே. தம்பி காய்ச்சல்ல பூட்டான். அவன் கோடு கீழயே நின்னுபோச்சி. வூடு போனா போவுது... அந்தத் தூணு எங்க கீதுன்னுதான் தெரியல."

நான் பருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் வாய் திறக்கவில்லை? திருப்பிக் கேட்டால் கூரை என்ன ஆகும் என்ற பயம். அது மட்டும்தானா...?

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த காலம் அது. பஸ் இல்லை. தெரிந்தவர்களே எதிரில் வந்தால் முகம் பார்க்காமல் போனார்கள். சாலை திறந்ததும் ஊரில் சிலர் கூடிப் பேசினார்கள். பழைய வீடுகளெல்லாம் ஒருநாள் கதவைத் திறந்துவைப்பது. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்ப்பது. ஒருவர் வீட்டில் ஒருவர் மோர் குடித்தாலாவது மனசு இளகும். எத்தனை அழகான எண்ணம்!

பழைய மாடி வீடுகளுக்கு நடுவில் நம் புது ஓட்டு வீட்டை யார் சேர்ப்பார்கள்? ஆனால் நீங்கள் வாசலில் நின்று "எங்க வூடு" என்று பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. தூண் எங்கள் தாத்தா காலத்தது என்று சொல்லிச் சேர்த்துவிட்டேன். "எங்க வூட்லயும் பழசு ஒண்ணு கீது, எங்க மாமனாரு. அவரக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தட்டா?" என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். சிரித்துச் சமாளித்தேன்.

அன்று கூடம் நிறைந்தது. நம் வாசலையே மிதிக்காதவர்கள் உட்கார்ந்து மோர் குடித்தார்கள். செல்வி, நீ தூணைக் கட்டிக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்த கதையை வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாய்.

அப்போது கரீம் பாய் வந்தார்.

மெல்லக் குனிந்தார். பெயிண்டின் மேல் விரலை ஓட்டி, எல்லாவற்றுக்கும் கீழே இருந்த கோட்டில் நிறுத்தினார்.

"இது எங்கேந்து வந்ததுண்ணே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய், செல்வி.

"எங்க தாத்தா மலையிலேந்து கொண்டாந்தது பாய்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு உன் தலையில் கை வைத்தார்.

"நல்ல மரம்மா. பத்திரமா பாத்துக்க."

அதன்பின் கடைசிவரை அவர் கேட்கவே இல்லை. பெருநாள்தோறும் பிரியாணி வருவதும் நிற்கவில்லை... நீங்கள் தூக்குச்சட்டியைத் திறந்து குதிக்கும்போதெல்லாம், நான் பசியில்லை என்பேனே, நினைவிருக்கிறதா?

இன்னொன்றும் செய்தேன். அன்று கூட்டம் கலைந்ததும் மரத்தூளையும் பசையையும் குழைத்து அந்தக் கோடுகளை அடைத்து, மேலே பெயிண்ட் பூசினேன். அவர் விரல் நின்ற கோட்டைத்தான் மிகக் கவனமாக அடைத்தேன்.

போன மாதம் பாய் போய்ச் சேர்ந்தார். போன வாரம், குமார், உன் மகன் அதே தூணைக் கட்டிக்கொண்டு அதே கதையை என்னிடமே சொன்னான்! அதனால்தான் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் இனிக் கேட்க முடியாது. உங்களிடம் கேட்கவும் எனக்கு வாயில்லை.

நேற்று நீங்கள் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பழைய பிளேடால் பெயிண்டைச் சுரண்டினேன். மேலே இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. பிறகு தரையில் உட்கார்ந்து கீழே சுரண்டினேன். நகத்தால் தடவித் தடவிப் பார்த்தேன்.

தம்பியின் கோடு மட்டும் கிடைக்கவில்லை.