பதினாறு வயதுச் சீனு

டாக்டர் சொன்னார் என்பதற்காகத் தினமும் காலையில் மைதானத்துக்கு நடக்கப் போகிறேன். நடக்கிறேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வயிறு முன்னால் போகிறது, நான் அதன் பின்னால் போய் வருகிறேன்.

போன வாரம் அங்கே வலித் தைலத்தின் வாசனை அடித்தது. நல்ல காரமான, கண்ணில் நீர் வரவைக்கிற வாசனை. திரும்பிப் பார்த்தால் ஒரு பையன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு லாரி டயர் ஒன்றை இழுத்தபடி ஓடிக்கொண்டிருந்தான். கெண்டைக்கால் இரண்டும் முருங்கைக்காய் பருமன்தான் இருக்கும். பைக் மேல் உட்கார்ந்தபடி இளவயசுக் கோச் ஒருவர் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பையன் பக்கத்தில் வந்தபோது கேட்டேன்.

“தம்பி, இன்னா வயசு உனக்கு?”

பையன் கோச்சின் முகத்தைப் பார்த்தான். கோச் “பதினாறு சார்” என்றார். அப்புறம் பையனும் “பதினாறு” என்றான்.

பார்த்தால் பதிமூன்றைத் தாண்டாது. விடாமல் துருவினேன். சீனியர் டீமில் ஆள் குறைகிறது என்றார் கோச். “அதுக்கு இவன் காலை ஒடிப்பீங்களா?” என்று குரலை உயர்த்தினேன். அவர் நிதானமாக என் வயிற்றைப் பார்த்துவிட்டு, “சார் எந்த ஈவென்ட் பண்ணீங்க?” என்றார். ரத்தக் கொதிப்பு குறைய வேண்டும் என்று நடக்கப் போனவன், அதை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

எந்த ஈவென்ட் என்றா கேட்டார்? ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். ஒரு காலத்தில் எங்கள் பள்ளிக்கூடம் எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டங்களில் மாவட்டத்தையே மிரட்டிக்கொண்டிருந்தது. நானும் அந்த டீமில் இருந்தேன். என்ன வேலையாக என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வயது. அப்போதெல்லாம் ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கப் போனால் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. தொட்ட பிள்ளைக்கு ஹெட்மாஸ்டர் தன் கைக்கு வந்த ஒரு ஜூன் மாதத் தேதியைப் பிறந்த நாளாக எழுதிவிடுவார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். அன்றைக்கு ஊரில் எத்தனை மருத்துவச்சிகள் தெருத்தெருவாக ஓடியிருப்பார்கள் என்று பின்னாளில் நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

இந்தப் பரீட்சையில் ஒரு கோளாறு உண்டு. அது வயதை அளப்பதில்லை, கையை அளக்கிறது. கை நீளமான பிள்ளை சீக்கிரம் பெரியவன் ஆகிவிடுவான். கை குட்டையான பிள்ளை குழந்தையாகவே நிற்பான்.

சீனுவுக்குக் கை நீளம். சின்ன காஞ்சிபுரத்தில் எங்களுக்கு அடுத்த தெரு. அவன் அம்மாவும் அப்பாவும் பகல் முழுக்கத் தறியில் இருந்தாக வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மூன்று வயது முடிந்து கொஞ்ச நாளில் அவனை அழைத்துப்போய் நிறுத்தினார்கள். காதைத் தொட்டுவிட்டான். தொட்டது மட்டுமல்ல, பிடித்து இழுத்தும் காட்டினானாம். ஒரே நாளில் அவனுக்குச் சுமார் இரண்டு வயது கூடிப்போனது.

தேவு என்கிற தேவராஜ் தென்னேரிக்காரன், விவசாயக் குடும்பம். கழுத்தே இல்லாத உடம்பு, குட்டைக் கை. அவனை இரண்டு வருஷம் வாசலோடு திருப்பி அனுப்பி, மூன்றாம் வருஷம்தான் சேர்த்துக்கொண்டார்களாம். ஏழு வயசுக்காரனுக்கு ஐந்து என்று எழுதினார்கள். எங்கள் பள்ளியில் எனக்கும் சீனுவுக்கும் ஒரு வகுப்பு கீழே படித்தான், முகத்தைச் சவரம் செய்துகொண்டு. கணக்குப்படி சீனு அவனுக்கு மூத்தவன். அதனால் மீசைக்கார தேவு, தன் தோளுக்குக் கூட வராத சீனுவை எல்லோர் முன்னாலும் “அண்ணே” என்றுதான் கூப்பிடுவான். “அண்ணே, தண்ணி இருக்குதாண்ணே?” என்று கும்பிடு வேறு போடுவான். நாங்கள் உருண்டு புரண்டு சிரிப்போம். சீனுவும் பெரிய மனுஷன் மாதிரி அவன் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணுவான். அதற்கு அவன் எம்ப வேண்டும்.

என் அப்பா நகராட்சி ஊழியர். அதனால் எனக்கு மட்டும் ஆஸ்பத்திரிக் காகிதம் இருந்தது, வயது சரியாக இருந்தது. கால்தான் சரியில்லை.

ஆகவே டீமில் என் வேலை இதுதான். நான் முதல் இரண்டு சுற்று எல்லோருக்கும் முன்னால் தலைதெறிக்க ஓடி மற்ற பள்ளிப் பையன்களை இழுத்துக் களைக்கவைக்க வேண்டும். பிறகு ஓரமாகப் போய் விழுந்துவிடலாம். விழுகிற வேலையை நான் பிறவித் திறமையோடு செய்தேன். எனக்குப் பின்னாலிருந்து சீனு வருவான். அவன் வருவது சத்தமே கேட்காது. விடியற்காலையில் நாங்கள் ஓடிப் பழகும் தெருவில், தறிக்கு ஏற்றுகிற பட்டு இழைகளைப் பாவாக நீள இழுத்துக் கட்டியிருப்பார்கள். பக்கத்தில் ஓடும்போது முழங்கை பட்டு ஓர் இழை அறுந்தாலும் முதுகுத்தோலை உரித்துவிடுவார்கள். அதனால் அந்த இடத்தில் மட்டும் ஒருவர் பின் ஒருவராக, கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, பேசாமல் ஓடுவோம். தெரு முடிந்ததும் நாங்கள் கைகால்களை வீசிக்கொண்டு கூத்தாடுவோம். சீனு மட்டும் அப்படியே ஓடுவான், தெரு முடியாத மாதிரியே.

பி.டி. சாருக்கு அவன் மேல் உயிர். தன் டிபன் பாக்ஸிலிருந்து முட்டை எடுத்துக் கொடுப்பார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், சுலபமாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவருக்குத் தெரிந்த பயிற்சி ஒன்றே ஒன்று. பட்டாளத்தில் இருந்தபோது அவருக்குக் கொடுத்தது. அதையே ஜூனியருக்குப் பாதி, சீனியருக்கு முழுசு என்று பிரித்திருந்தார். ஜூனியர் யார், சீனியர் யார் என்பதைப் பள்ளி ரிஜிஸ்டர் சொல்லும். நாங்கள் பிளஸ் டூ வந்த வருஷம், ரிஜிஸ்டர்படி சீனு சீனியர் ஆனான். நிஜத்தில் பதினாலு. தேவு இன்னும் ஜூனியர். நிஜத்தில் பதினேழைத் தாண்டிவிட்டான்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன், யோசித்துப் பாருங்கள். பாலாற்று மணலில், பதினேழு வயது தேவு பாதித் தூரம் ஓடிவிட்டு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பான். பதினாலு வயது சீனு இடுப்பில் டயரோடு முழுத் தூரம் இழுப்பான். ஒண்ணாம் வகுப்பில் தேதி எழுதிய அந்தப் பழைய ஹெட்மாஸ்டர் எப்போதோ ஓய்வு பெற்று வீட்டில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். இதில் எங்கே சிரிப்பது? நான் எதற்கும் சிரிக்கிற ஜாதி. இதற்கு மட்டும் முப்பது வருஷமாகச் சிரிப்பு வரவில்லை.

ஆடி முடிவதற்குள் சீனுவின் இடது முழங்காலுக்குக் கீழே எலும்போரமாக வீங்கிவிட்டது. தொட்டால் துள்ளுவான். பி.டி. சார் தைலம் தேய்த்துவிட்டு, கால் வலிக்கிறது என்றால் கால் வளர்கிறது என்று அர்த்தம் என்றார். சீனுவும் நம்பினான். அவன் நம்புவதற்குக் காரணம் இருந்தது. மாவட்டப் போட்டியில் ஜெயித்தால் அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே சேர்ந்துவிட்டால் பாலும் முட்டையும் தினமும் உண்டு, ஓடுவதற்கு நிஜமான டிராக் உண்டு. அதைவிட முக்கியம், தறியில் உட்கார வேண்டியதில்லை. தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்காரவே மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தான்.

ஒருநாள் சீனுவின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஏதோ ஒரு சேட்டைக்காக நான் ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வாசலில் எனக்கு நிரந்தர இடம் உண்டு. புடவையில் பட்டுநூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன, அப்படியே தறியிலிருந்து எழுந்து வந்திருக்கிறார். கையில் மஞ்சள் துணியில் சுற்றிய ஜாதகம். பிள்ளை ராத்திரியில் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், அவனைச் சின்னப் பையன்களோடு ஓடவிடுங்கள் என்று கேட்டார்.

ஹெட்மாஸ்டர் ஜாதகத்தைப் பிரிக்கக்கூட இல்லை.

“ஜாதகம் உங்க வீட்டுக்கும்மா. ரிஜிஸ்டர்ல என்ன இருக்குதோ அதான் கவர்மெண்டுக்கு.”

“நான் பெத்த நாளு எனக்குத் தெரியாதா சார்?”

“தெரியும். அப்ப எதுக்கு அஞ்சு வயசுன்னு கொண்டாந்து விட்டீங்க?”

அந்த அம்மா ஜாதகத்தை மறுபடி துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். ஐந்து வயது என்று அவர் எப்போது சொன்னார்? காதைத் தொடச் சொன்னது யார், தேதி எழுதியது யார்? பழியை மட்டும் அள்ளி அந்த அம்மாவின் மடியில் கொட்டி அனுப்பினார்களே. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் இன்னும் நாலு நாள் வாசலில் நிற்கவைத்திருப்பார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கும். ஆனாலும் இன்றுவரை அந்த ஹெட்மாஸ்டருக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். குளிக்கும்போது பிரமாதமாக வருகிறது.

மாவட்டப் போட்டி. சீனியர் ஆயிரத்து ஐந்நூறு. கோட்டில் நின்றவர்களில் சிலருக்குக் கல்யாணப் பேச்சே நடந்துகொண்டிருந்திருக்கும். அவர்கள் நடுவில் சீனு, யாரோ அப்பாவோடு கடைக்கு வந்த பிள்ளை மாதிரி. நான் வழக்கம்போல இரண்டு சுற்று இழுத்துவிட்டு ஓரமாக விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றாம் சுற்றில் சீனு வெளிப்பக்கமாக ஒவ்வொருவராகத் தாண்டினான். கை விலாவை விட்டு விலகவில்லை. கடைசி வளைவில் இடது கால் ஒருமுறை பக்கவாட்டில் போனது. மற்றவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். நான் தரையோடு தரையாகக் கிடந்ததால் எனக்குத் தெரிந்தது. அப்படியும் ஜெயித்தான். கோட்டைத் தாண்டி நான்கு எட்டு வைத்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

பி.டி. சார் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார், சந்தோஷத்தில். தேவுதான் முதலில் காலைப் பார்த்தான். கும்பிடு போட்டுக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். அப்புறம் குனிந்து முதுகைக் காட்டினான்.

“தம்பி, என் முதுவுல ஏறுடா. காலை ஊனாத.”

அன்றைக்குத்தான் அவன் சீனுவை முதல்முறையாகத் தம்பி என்றான். அதற்குப் பிறகு அண்ணே என்று கூப்பிடவே இல்லை.

எலும்பில் விரிசல் என்றார்கள். கட்டுப் போட்டார்கள். விடுதித் தேர்வு அடுத்த மாதமே வந்தது. சீனு கட்டோடு படுத்திருந்தான். அடுத்த வருஷம் போகலாம் என்றால், ரிஜிஸ்டர்படி அவனுக்கு விடுதிக்கான வயது தாண்டிவிடும். நிஜத்தில் அவனுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கால் ஆறவும், வளரவும், நிதானமாக மறுபடி ஓடிப் பார்க்கவும் போதுமான இரண்டு வருஷம். வளரும் எலும்புக்கு அத்தனை பாரம் கொடுக்கவே கூடாது என்று என் முழங்கால் வலிக்குப் போன இடத்தில் பிசியோதெரபி பெண் சர்வ சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அவள்மேல்கூடக் கோபம் வந்தது. முப்பது வருஷம் முன்னால் பிறந்து தொலைத்திருக்கக் கூடாதா?

சீனு இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளன். லேசாகச் சாய்ந்து நடப்பான். கோபமே கிடையாது அவனுக்கு, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். போன வாரம் மைதானத்துக் கதையைச் சொன்னேன். டீயை ஊதிக்கொண்டே கேட்டவன், கோச்சை ஒரு வார்த்தை திட்டவில்லை. “ரெண்டு வருஷம் அங்க எடுத்தாங்களா, அதே தேதிய வெச்சி ரிடையர்மெண்டுல இன்னொரு ரெண்டு வருஷம் முன்னாடியே ஊட்டுக்கு அனுப்புவாங்க பாரு. நீ ஏம்பா கத்திக்கினு கிடக்கற?” என்றான்.

பி.டி. சார் இல்லை. எங்கள் மைதானத்தில் பாதியைக் கட்டடம் தின்றுவிட்டது. பாலாற்று மணல் லாரி லாரியாகப் போய்விட்டது, இப்போது அங்கே டயர் இழுக்க வேண்டுமென்றால் முள்ளில்தான் இழுக்க வேண்டும். தேவு தென்னேரியில் கட்சிப் பொறுப்பில் இருக்கிறான், வயிற்றில் என்னோடு போட்டி. இவையெல்லாம் போனதற்கு என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது.

ஒன்றுக்கு மட்டும் முடியவில்லை. சீனுவின் மாவட்டச் சான்றிதழில், பதினாறு வயதில் அவன் ஜெயித்ததாக இருக்கிறது. ஓடியது பதினாலு வயதுச் சீனு. நிஜமாகவே அவனுக்குப் பதினாறு ஆன வருஷம், அவன் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். பதினாறு வயதுச் சீனு ஓடி இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. சீனுவும் பார்த்ததில்லை.