கொரியக் கார்ட்டூனும் கோவாப் பானைகளும்

தொழிற்சங்கக்காரனின் வேலை, வராதவர்களுக்காகக் காத்திருந்து வந்தவர்களிடம் ஏச்சு வாங்குவது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்த தோழர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆறு பேர் கூட்டம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு லயங்களில் டிவி பெருகிவிட்ட காலம். இலங்கை மலையகத்தில் வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் சனங்கள் கோவா என்கிற முட்டைக்கோசும் லீக்ஸும் போட்டிருந்த நிலத்தைப் பிடுங்கித் தேயிலை நட நிர்வாகம் முடிவு செய்தது. அந்த நிலம் போனால் பாதிக் குடும்பங்களுக்குக் கறி கிடையாது. ஞாயிறு பின்னேரம் கூட்டம் போட்டேன். வந்தவர்கள் ஆறு ஆண்கள். அதிலும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

பெண்கள் எங்கே என்று தேடிப் போனால், அதே லயத்துச் செல்லம்மா வீட்டு டிவிக்கு முன்னால் இருபது பேர்! சிங்களம் பேசும் கொரியக் கார்ட்டூன். அகலப் பாவாடை கட்டிய பொம்மைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கோவாவுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். “நிலம் போகப்போகுது, இங்க பொம்மை பார்க்கிறீங்களா?” என்று கத்தினேன்.

செல்லம்மா திரும்பாமலே சொன்னாள்: “சத்தம் போடாதீங்க தலைவரே, உப்பு எவ்வளவு போடுறாங்கன்னு பார்க்கணும்.”

தரைக்கு அடியில் நெருப்பு

அடுத்த ஞாயிறு விளம்பர இடைவேளையில் பேசிவிடலாம் என்று நானும் போய் உட்கார்ந்தேன். படத்தில் நம் ஊரைவிடக் குளிரான ஒரு மலைக் கிராமம். பெரியவர் கரண்டியைத் தொடும்வரை யாரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அடுப்புச் சூடு தரைக்கு அடியில் ஓடி வீட்டையே கதகதப்பாக்குகிறது! அந்தக் காலத்துக் குடியானவன் வீடாம். நம் லயத்தில் அடுப்புப் புகை கண்ணுக்குள் போகிறது, பிள்ளைகள் ஐஸ் மாதிரி சிமெந்துத் தரையில் படுக்கின்றன. உலக வரலாறு படித்தவன் என்ற என் கர்வத்தில் மண் விழுந்தது. இது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லையே! எழுந்து நின்று, “தோழர்களே, இதை நாம் கோரிக்கையாக வைக்க வேண்டும்” என்று ஆரம்பித்தேன்.

“வைங்க தலைவரே, நோட்டீஸ்லயும் போடுங்க,” என்றாள் செல்லம்மா. “இப்ப கொஞ்சம் நகருங்க, மறைக்குது.”

புளித்த கோவா

பார்த்ததோடு விடவில்லை. கோவாவை உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, நெத்தலிக் கருவாடு பிசைந்து, பானைகளில் அடைத்து, வாய்க்குத் துணி கட்டி, படத்தில் செய்தது போலவே லயத்துக்குப் பின்னால் அந்த நிலத்திலேயே புதைத்தார்கள். பத்தாம் நாள் ஒரு பானையைத் திறந்தபோது வந்த வாடையில் பின்வாங்கினேன். ஒரு வாய் தின்றபின், இரண்டாவதுக்கு என் கை தானாக நீண்டது.

பக்கத்தில் நின்ற தோட்டக் கமிட்டித் தலைவர் ராமையா முகத்தைச் சுளித்தார்: “கெட்டுப்போனதைத் திங்கிறதுக்கா தலைவரே இந்த நிலத்தைக் கேட்கிறோம்?”

மம்பட்டி விழுந்த காலை

ஒரு காலை, நிலத்தைக் கொத்தத் தோட்டத்தின் வேறு பிரிவிலிருந்து எட்டு ஆட்களோடு, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்து இறங்கினார். மறியலுக்கு எங்கள் பக்கம் நான், ராமையா, பெண்கள். என் சட்டைப் பையில் நாலு பக்கப் பேச்சு இருந்தது. அதை எடுப்பதற்குள் முதல் மம்பட்டி விழுந்தது. மண்ணுக்குள்ளிருந்து பானை வாய், கட்டிய துணி, பீறிட்ட சிவப்புச் சாறு, அந்த வாடை! வெட்டியவர் மம்பட்டியை வீசிவிட்டுப் பின்னால் பாய்ந்தார். “ஐயோ, செய்வினை!” அடுத்த இடத்தில் வெட்டினால் அங்கேயும் பானை. எட்டுப் பேரும் பாதையில் ஏறிவிட்டார்கள்.

வியர்த்து வழிந்த கண்டாக்கு நேராக என்னிடம் வந்தார். “பில்லி சூனியம் எல்லாம் பொய்னு நோட்டீஸ் அடிக்கிறவர் நீங்கதானே? இவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க.”

உண்மைதான். அந்த நோட்டீசுக்காக அடிகூட வாங்கியிருக்கிறேன். முப்பது வருடத்தில் தொழிலாளியிடம் நான் ஒரு பொய் சொன்னதில்லை. ‘கோவா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எட்டு மம்பட்டியும் திரும்ப இறங்கும். இருபது பெண்கள் என் வாயையே பார்த்தார்கள்.

“உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க,” என்றேன். என் குரலா அது என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

ஆட்கள் போய்விட்டார்கள். பிறகு எந்தப் பிரிவிலும் அந்த மண்ணில் கைவைக்க ஆள் கிடைக்கவில்லை. தோட்டத்தை நடத்தும் துரையும் திட்டத்தைக் கைவிட்டார். அன்று பாதை வெறிச்சோடியதும் செல்லம்மா என் பக்கத்தில் வந்து சொன்னாள்: “முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் தலைவரே சுருக்கமா பேசியிருக்கீங்க.”

ஆயுள் முழுக்க உண்மையை உரக்கச் சொல்லி ஓர் அங்குல மண்ணும் வாங்கித் தராத நான், அந்த உண்மையை ஒரே ஒரு தரம் விழுங்கியதற்கு ஓர் ஏக்கர் மிஞ்சியது.