காப்புக் கட்டியவருக்கு ஜப்பான் தட்டை

போன வருடம் பங்குனியில், எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நடந்தது இது. கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். அதற்கு முந்தின வருடம் எனக்கு ஒரு பெரிய ஆபரேஷன். பிழைப்பேனா என்றே தெரியாத நேரத்தில், நான் எழுந்து நடந்தால் குண்டம் இறங்கித் தீ மிதிப்பதாக என் வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டார். அதற்காகத்தான் காப்புக் கட்டி, கவுச்சி தொடாமல் விரதம் இருந்தார். கருவாட்டுச் சட்டியைக்கூட வீட்டை விட்டு வெளியே வைத்துவிட்டோம்.

மஞ்சள் வேட்டி எடுக்க இருவரும் செம்மேடு போனோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்த ஷாப்பிங் காம்ப்ளக்ஸில், மலைக்கு வருகிற டூரிஸ்ட்டுகளுக்காக ஜப்பான் பானமும் தின்பண்டமுமாக அடுக்கி ஒரு கடை. எனக்கு வேடிக்கை பார்க்கிற புத்தி கொஞ்சம் ஜாஸ்தி. அவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் இழுத்துக்கொண்டு போனேன். பாட்டிலில் இருந்த பச்சைத் தேயிலைத் தண்ணீரை ஒரு வாய் குடித்தவர், “இதுக்கு நம்மூட்டுக் கசாயமே தேவலை புள்ள” என்று முகத்தைச் சுளித்தார். கசப்புப் போகட்டும் என்று ஒரு பாக்கெட் எடுத்தேன். மேலே நெற்கதிர் படம். உள்ளே நம்ம தட்டை மாதிரியே வட்ட வட்டமாக இருந்தது. அரிசிப் பண்டம்தானே என்று நானே பிரித்துக் கையில் கொடுத்தேன். நாலைந்து தின்றார்.

வீட்டுக்கு வந்து மீதியை டப்பாவில் கொட்டும்போதுதான் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். அசைவத்துக்குப் போடுகிற பழுப்புக் குறி. பக்கத்திலேயே பொடி எழுத்தில், காய்ந்த மீன் தூள் என்று இங்கிலீஷில் இருந்தது.

குண்டத்தில் கால் சுட்டால் விரதத்தில் குறை என்றுதான் எங்கள் ஊரில் பேசுவார்கள். சொன்னால் பயந்துகொண்டே இறங்குவார், கால் தடுமாறும். சொல்லாவிட்டாலோ என்ன ஆகுமோ. மறுநாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபரேஷன் வலி திரும்பிவிட்டதோ என்று அவர் என்னையே சுற்றிச் சுற்றி வந்தார். அது இன்னும் குத்தியது.

நோம்பியன்று காலையில், மஞ்சள் வேட்டியோடு அவர் கிளம்பியபோது அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். “ஏனுங்க, அந்தத் தட்டையில மீனு இருந்துச்சுங்க. பாக்காமக் குடுத்துட்டேனுங்க.”

அவர் நேராகப் பூசாரியிடம் போய், தான்தான் பார்க்காமல் வாங்கித் தின்றுவிட்டதாகச் சொன்னார். என் பேச்சையே எடுக்கவில்லை. பூசாரி அவரை மறுபடி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரச் சொல்லி, அம்மன் முன்னால் பூப்போட்டு உத்தரவு கேட்டார். சம்மதம் என்றால் வெள்ளை, இல்லை என்றால் சிவப்பு; வெள்ளைப் பூ வந்தது. இறங்கலாம் என்றார்.

அவர் கங்கில் கால் வைத்தபோது நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அந்தப் பக்கம் நின்று சிரிக்கிறார். “ஒண்ணுமில்ல கண்ணு, பூ மேல நடந்தாப்புல இருந்துச்சு” என்றார். அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து, மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது பாதத்தைப் பார்த்தேன். இடது குதிகாலில் பெரிய கொப்புளம் ஒன்று உடைந்து புண்ணாகியிருந்தது. அத்தனை நாளும் என் கண் முன்னால் நொண்டாமல் நடந்து, மிளகுத் தோட்டத்துக்கும் போய்வந்திருக்கிறார். எனக்காக மறைத்ததைக் குலைக்க மனம் வராமல், பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அம்மன் கோபித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது; புண்ணான காலை ஊன்றி நடந்த அந்த மனுஷனிடம் ‘வலிக்குதுங்களா’ என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேனே என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.