ஓட்டறவரு சொல்லட்டுங்க

"நீங்க இருங்க சார். ஓட்டறவரு சொல்லட்டுங்க."

நெருப்பெரிச்சல் ஊரில் கார் எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கும் சித்ராதேவி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முதலாளிகளின் வாயையாவது இப்படி அடைத்துவிடுகிறார். அடைத்த கையோடு, பனியன் வேஸ்ட் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டு டிரைவர் பக்கம் திரும்பிவிடுவார். வண்டிக்கு என்ன நோவு என்பது பின்னால் சாய்ந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும் என்பது அவர் கட்சி.

அன்று வாயடைத்து நின்றவர் பனியன் கம்பெனி முதலாளி ரத்தினசாமி. பேசச் சொல்லப்பட்டவர் அவருடைய டிரைவர் முனீஸ், கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். சில வாரங்களாக முனீஸிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, ஏசியதோடு சரி.

ஏச்சு தொடங்கிய அன்று, அவிநாசி ரோட்டில் நேராகப் போய்க்கொண்டிருந்த கார் திடீரென்று வலப்பக்கம் இழுத்து நடுத்திட்டை உரசியது. இறங்கியதும் ரத்தினசாமி முதலில் செய்த காரியம், முனீஸை வாயை ஊதச் சொன்னது. நடுரோட்டில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க. வாடை எதுவும் இல்லை என்றதும், "அப்பத் தூங்கீட்ட" என்றார். அன்றிலிருந்து பின் சீட்டில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடியில் முனீஸின் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி மறுபடியும் இழுத்தது. மாதக் கடைசியோடு நின்றுகொள் என்று சொல்லிவிட்டார். தூங்கி ஓட்டுகிறவன் என்று பெயர் விழுந்தால் வேறு யார் சாவியைக் கொடுப்பார்கள்? கைகட்டி நிற்கிறவன்மேல் பழி போட நம் நாட்டில் சாட்சி தேவைப்படுவதே இல்லை.

டேஷ்போர்டில், அணைத்த பிறகும் திரும்பத் திரும்ப எரிந்த ஒரு மஞ்சள் எச்சரிக்கை விளக்குதான் காரைச் சித்ராதேவியிடம் கொண்டுவந்தது.

"சொல்லுங்க தம்பி. வளைவுல இழுக்குதா, நேராப் போறப்பவா?"

"நேராப் போகும்போதுதான்க்கா. ஒரு பக்க பிரேக்க மட்டும் யாரோ மிதிக்க மாதிரி இருக்கு. பள்ளத்துல ஏறி இறங்குனா கூடுதலா இருக்கு."

"பள்ளத்துலயா?" சித்ராதேவியின் புருவம் உயர்ந்தது.

டயர், வீல் பேரிங், பேட்டரி எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்து ஒதுக்கினார். பிறகு ஸ்கேனரைச் சொருகி, அதை முனீஸ் கையில் கொடுத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு காலத்தில் தையல் மிஷினில் துணி ஓட்டிய கைகள் அவை. தையல் பிசகுவது கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும் என்பார்.

"படிங்க தம்பி."

"சைபர்... சைபர்..."

ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு தட்டு தட்டினார்.

"அறுபது! அக்கா, அறுபதுங்கு!"

"எங்கையி அசையலீங்க சார், நல்லாப் பாத்துக்குங்க. ஸ்டீரிங் எவ்வளவு திரும்பியிருக்குதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதுக்கு உள்ள ஒரு சென்சார் இருக்குதுங்க. வண்டி நேராப் போவுது, அது அறுபது டிகிரி திரும்பீட்டாங்கன்னு பொய் சொல்லுது. கம்ப்யூட்டரு அதை நம்பி ஒரு பக்க பிரேக்கப் புடிக்குது."

"மெசினு எங்காச்சும் பொய் சொல்லுமா அம்மிணி?"

"மனுசன் மட்டுந்தான் சொல்லுவான்னு நெனச்சீங்களா? நீங்களே ஓட்டிப் பாருங்க."

பட்டறைக்குப் பின்னால் மனை பிரித்துப் போட்டிருந்த காலி ரோட்டில் ரத்தினசாமி ஓட்டினார். கை பிரேக்கின்மேல் கை வைத்துச் சித்ராதேவி பக்கத்தில் உட்கார்ந்தார். திரும்பி வந்தபோது முதலாளியின் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

"இழுக்குது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. முனீஸ் கையிலிருந்த ஸ்கேனரை, தூங்கும் பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு நின்றார்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டீரிங்கை எடுத்து, சென்சாரின் மூடியைத் திறந்தார் சித்ராதேவி. உள்ளே பஞ்சுத் தூசி. அது இந்த ஊரில் சோற்றிலும் கிடக்கும். ஆனால் பஞ்சோடு ஏதோ வெள்ளையாகச் சேர்ந்து திரித்திரியாக இருந்தது.

"ஏனுங்க சார், இது என்னங்க?"

ரத்தினசாமி விரலில் தொட்டுப் பார்த்தார். விபூதி. கிருத்திகைதோறும் முருகன் கோயில் விபூதியை ஸ்டீரிங்கில் தூவுவது அவர் வழக்கம். நடுத்திட்டில் உரசிய பிறகு தினமும் காலையில் ஒரு பிடி. பயம் கூடக்கூட விபூதி கூடியிருக்கிறது. விபூதி கூடக்கூட கார் இழுத்திருக்கிறது. இழுத்த ஒவ்வொரு முறையும் முனீஸ் திட்டு வாங்கியிருக்கிறார்.

சித்ராதேவி சிரிக்கவில்லை. "இனி நெத்தியில வெச்சுக்குங்க சார். ஓட்டறவரு நெத்தியிலயும் வெச்சு உடுங்க. ஸ்டீரிங்குக்கு வேண்டாம்" என்றதோடு சரி. துடைத்து மாட்டினாலும் ஓடும்தான். பிரேக் சம்பந்தப்பட்டதில் அவர் துடைத்து மாட்டுவதில்லை. கோவையிலிருந்து புது சென்சார் வரவழைத்து மாட்டி, சக்கரங்களை நேராக நிறுத்தி, இதுதான் நேர் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வண்டி எடுக்க வந்த அன்று முனீஸ் கைகூப்பிவிட்டார். "அக்கா, நீங்க எனக்குக் குலசாமி."

"ஐயோ, சாமியெல்லாம் வேண்டாங்க தம்பி. அதான் உள்ள போயி அடைச்சிருந்துது."

பக்கத்தில் நின்ற ரத்தினசாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், "முனீசு, மாசக் கடைசின்னு நாஞ்சொன்னத மறந்துரு. ரோட்டுல வெச்சு உன்ன வாயை ஊதச் சொன்னது..." என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல் சாவியை நீட்டினார்.

முனீஸ் வண்டியைக் கிளப்பினார். கண்ணாடியில் பார்த்தார். பின் சீட்டில் முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு, நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவருக்குப் பின்னால், பட்டறை வாசலில் சித்ராதேவி. கார் வளைவில் திரும்பியபோது, வெறுங்காற்றில் ஸ்டீரிங் பிடித்ததுபோல அவருடைய இரண்டு கைகளும் கூடவே மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன.